அப்பா சேர்த்த ஸ்டாம்ப் ஆல்பத்தை விற்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அப்பாவோ தாத்தாவோ காலமான பிறகு பீரோவை ஒழிக்கும்போது இரண்டு மூன்று ஸ்டாம்ப் ஆல்பம், பிஸ்கட் டின் நிறைய உதிரித் தபால்தலைகள், நூல் போட்டுக் கட்டிய பழைய கவர்கள் எல்லாம் வெளியே வரும். வீட்டில் அதில் ஈடுபாடு உள்ளவர் யாரும் இருக்க மாட்டார்கள். தூக்கிப் போடவும் மனம் வராது. அப்படிப்பட்டவர்கள் வழக்கமாகக் கேட்பவையும் அவற்றுக்கான பதில்களும் இங்கே.

மொத்தமாக எவ்வளவு தேறும்?

ஆல்பத்தைப் பார்க்காமல் யாராலும் சொல்ல முடியாது. ஆனாலும் ஏமாற்றத்துக்குத் தயாராக இருப்பது நல்லது. 1950-க்கும் 1990-க்கும் இடையில் பள்ளிக்கூடப் பருவத்தில் தொடங்கிய ஆல்பங்களில் பத்துக்கு எட்டு, எடைக்கு வாங்கிப் போகிற ரகம்தான். ஐம்பது வருடம் ஆகிவிட்டது என்பதற்காக மட்டும் ஒரு தலைக்கு விலை ஏறிவிடாது. எத்தனை அச்சடித்தார்கள், அதில் எத்தனை நல்ல நிலையில் மிஞ்சியிருக்கின்றன, இன்று அதைத் தேடுபவர்கள் எத்தனை பேர் என்ற மூன்றும் சேர்ந்துதான் விலை. 1960-ல் வந்த பாரதியார் தலையும் திருவள்ளுவர் தலையும் நமக்குப் பெரிய விஷயம்தான். ஆனால் அவற்றைச் சேர்த்து வைக்காத ஸ்டாம்ப்காரரே தமிழ்நாட்டில் கிடையாது. அதனால் உதிரியாக விற்றால் சில்லறைதான்.

மீதி இரண்டு ஆல்பத்தில் என்ன இருக்கும் என்பதுதான் கேள்வி. அதைக் கண்டுபிடிப்பதற்குள் அவசரப்பட்டு விற்றுவிடாதீர்கள்.

கையில் எடுத்ததும் முதலில் என்ன செய்வது?

ஒன்றும் செய்யாதீர்கள். நிஜமாகவே அதுதான் பதில்.

கவரிலிருந்து தலையை வெட்டி எடுக்கக் கூடாது, தண்ணீரில் ஊறப்போட்டுப் பிரிக்கக் கூடாது. ஆல்பத்தில் ஒட்டியிருப்பதை நகத்தால் பெயர்க்கக் கூடாது. கிழிசலுக்கு செல்லோடேப் போடக் கூடாது. பாதுகாப்புக்கு என்று லேமினேட் செய்து கொண்டுவருபவர்களும் உண்டு. அந்த நிமிடமே அதன் விலை பூஜ்யம். கண்காட்சிக்கு வைக்கப் போவதுபோல அழகாக அடுக்கவும் வேண்டாம். அப்பா பக்க ஓரத்தில் பென்சிலால் ஏதோ எண்ணும் வருடமும் எழுதியிருப்பார். அழிக்காதீர்கள். பெரும்பாலும் அது கேட்டலாக்கில் (தலைகளை எண்ணும் விலையும் போட்டுப் பட்டியலிடும் புத்தகம்) உள்ள எண்ணாகவோ, அந்தத் தலையை எங்கே வாங்கினார் என்ற குறிப்பாகவோ இருக்கும். மதிப்புப் போடுபவருக்குப் பாதி வேலை மிச்சம்.

சென்னை, நாகை, தூத்துக்குடி மாதிரிக் கடலோர ஊர் என்றால் ஈரக்காற்றுதான் முதல் எதிரி. பசையுள்ள பக்கத்தில் துருப்பிடித்ததுபோலப் பழுப்புப் புள்ளிகள் வரும். சேகரிப்பவர்கள் அதை ‘டோனிங்’ என்பார்கள். அது வந்தால் விலை பாதிக்குக் கீழே இறங்கிவிடும். ஆல்பத்தைப் படுக்கவைத்து மேலே புத்தகம் அடுக்காமல், நிற்க வைத்து, பக்கத்தில் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு வையுங்கள். ராமபாணப் பூச்சி இருக்கிறதா என்று அட்டையின் முதுகுப் பக்கத்தையும் பார்த்துவிடுங்கள்.

ஹங்கேரி, போலந்து, மங்கோலியா, அஜ்மான் என்று கலர் கலராக நிறைய வெளிநாட்டுத் தலைகள் இருக்கின்றன. அவை?

ஒரு ஹங்கேரித் தலையைச் சாமணத்தால் எடுத்து லென்ஸில் பாருங்கள். பட்டாம்பூச்சியோ ராக்கெட்டோ இருக்கும். மூலையில் மட்டும் அரைவட்டமாக, அளவெடுத்து வைத்ததுபோலக் கறுப்பு முத்திரை. இப்போது திருப்பிப் பாருங்கள். பின்னால் பசை அப்படியே இருக்கிறது. தபாலில் போன தலை என்றால் பசை கரைந்திருக்க வேண்டும் அல்லவா? இது தபாலில் போகவே இல்லை. அச்சடித்த கையோடு ஷீட் ஷீட்டாக முத்திரை குத்தி, சேகரிப்பவர்களுக்கான பாக்கெட்டுகளில் போட்டு அந்நியச் செலாவணிக்காக விற்றார்கள். கிழக்கு ஐரோப்பிய நாடுகள் பல இதைச் செய்தன. அஜ்மான், புஜைரா போன்ற வளைகுடா அமீரகங்களின் பெயரில் 1960-களிலும் 70-களின் தொடக்கத்திலும் வந்த தலைகள் இன்னும் மோசம். அந்த ஊர்களில் அவ்வளவு கடிதம் எழுத ஆளே கிடையாது.

ஸ்டேஷனரி கடையில் நூறு தலை கொண்ட பாக்கெட்டாகத் தொங்கியவை இவைதான். இன்றும் அதே விலைவாசிதான். பேரப்பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடலாம்.

பென்னி பிளாக், பென்னி ரெட் இருந்தால் கோடீஸ்வரன் ஆகிவிடலாமாமே?

உலகின் முதல் தபால்தலை பென்னி பிளாக், 1840-ல் வந்தது. சுமார் 6 கோடியே 80 லட்சம் அச்சடித்தார்கள். நாலு பக்கமும் ஓரம் இருக்கிற நல்ல பிரதிக்கு நல்ல விலை உண்டு, ஆனால் கோடி இல்லை. அதன் பின் வந்த பென்னி ரெட் இரண்டாயிரம் கோடிக்கும் மேல் அச்சானது. அதில் 77-ம் பிளேட்டில், அதாவது அந்த எண்ணிட்ட அச்சுத் தகட்டில், அச்சான தலை மட்டும் மிக அபூர்வம். வாட்ஸ்அப்பில் சுற்றுகிற கோடிக் கணக்கெல்லாம் அந்த ஒன்றை வைத்துத்தான். உங்கள் வீட்டில் இருப்பது அதுவாக இருக்கும் என்று நம்பி லோன் வாங்கிவிடாதீர்கள்.

அப்பா ஆல்பத்தில் காந்தி தலைகள் இருக்கின்றன. 1948 என்று போட்டிருக்கிறது.

இங்கே கொஞ்சம் நிதானிக்க வேண்டும். சுதந்திரத்தின் முதல் ஆண்டு நிறைவான 1948 ஆகஸ்ட் 15 அன்று நான்கு காந்தி தலைகள் வந்தன: ஒன்றரை அணா, மூன்றரை அணா, 12 அணா, 10 ரூபாய். சுவிட்சர்லாந்தின் கூர்வாசியே அச்சகம் போட்டது. இந்தியிலும் உருதுவிலும் ‘பாபு’ என்று இருக்கும். அன்றைய 10 ரூபாயை ஒரு தலைக்குச் செலவழிக்க எத்தனை பேருக்கு வசதி இருந்திருக்கும்? அதனால் நிறைய ஆல்பங்களில் முதல் மூன்றுதான் இருக்கும், நான்காவது இடம் காலியாக இருக்கும். 10 ரூபாய்த் தலை உண்மையிலேயே இருந்தால், அதிலும் பசையோடு, ஆல்பத்தில் ஒட்டாமல், டோனிங் இல்லாமல் இருந்தால், மொத்த ஆல்பத்தையும்விட அந்த ஒன்றுக்கு அதிக விலை வரலாம்.

இதற்குப் போலியும் நிறைய. அசல் போட்டோகிராவர் முறையில் அச்சானது, நிறம் சீராக இழைந்து நிற்கும். ஆஃப்செட்டில் அடித்த போலியை நல்ல லென்ஸில் பார்த்தால் வண்ணப் புள்ளிகள் தனித்தனியாகத் தெரியும். ஓரப் பல்லின் அளவும் (இரண்டு சென்டிமீட்டர் நீளத்தில் எத்தனை பல் என்ற கணக்கு) காட்டிக்கொடுக்கும். அசலில் அது பதினொன்றரை.

2017-ல் லண்டனில் 5 லட்சம் பவுண்டுக்கு விற்ற காந்தி தலைகளைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். அது இந்த 10 ரூபாய்த் தலையின் மேல் ‘சர்வீஸ்’ என்று அடித்தது. கவர்னர் ஜெனரல் அலுவலகத்துக்காக நூறு மட்டும் தயாரானது. அதில் நான்கு சேர்ந்த துண்டுக்குத்தான் அந்த விலை. அது பிஸ்கட் டின்னில் கிடைக்காது. கிடைத்தால் போலியா என்றுதான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.

வெள்ளைக்காரன் காலத்துத் தலைகள் எல்லாம் விலை போகுமா?

விக்டோரியா, எட்வர்ட், ஜார்ஜ் முகங்கள் இருந்தாலே காசு என்று நினைப்பது தவறு. அரை அணா, ஓர் அணாத் தலைகள் நாடு முழுவதும் தினமும் புழங்கியவை. நல்ல விலை வருவது 1852-ல் சிந்துப் பகுதித் தபாலுக்கு வந்த சிந்து டாக் தலைகள், 1854-ல் கல்கத்தாவில் லித்தோ (கல்லச்சு) முறையில் அச்சான முதல் அகில இந்தியத் தலைகள், பிற்காலத்தின் 15, 25 ரூபாய் போன்ற உயர் மதிப்புத் தலைகள் ஆகியவற்றுக்கு. உயர் மதிப்புத் தலைகளிலும் ஒரு சிக்கல் உண்டு. தந்திக்கோ கோர்ட்டுக்கோ வருவாய்த் துறைக்கோ பயன்பட்டு ஓட்டை விழுந்த தலைக்கும் தபாலில் போன தலைக்கும் விலை வேறு. 1854 தலை என்று தோன்றினால் லண்டன் ராயல் பிலாட்டலிக் சொசைட்டி போன்ற இடத்தின் சான்றிதழ் இல்லாமல் யாரும் பெரிய விலை தர மாட்டார்கள். அந்தச் செலவுக்குத் தகுதியானதா என்று உள்ளூரில் விவரம் தெரிந்தவரிடம் காட்டிவிட்டு அனுப்புங்கள்.

நாங்கள் நாகர்கோவில் பக்கம். சங்கு படம் போட்ட தலைகள் இருக்கின்றனவே?

திருவிதாங்கூர் அஞ்சல். அதன் தலைகள் 1888-ல் சங்கு முத்திரையோடு தொடங்கின, அந்த அஞ்சல் 1951-ல் இந்தியத் தபால் துறையோடு கலந்தது. கன்னியாகுமரி மாவட்டமும் செங்கோட்டையும் 1956 வரை அந்தப் பக்கம்தானே. அதனால் உங்கள் வீடுகளில் இவை இருப்பதில் வியப்பில்லை. உதிரிச் சங்குத் தலைக்கு விலை குறைவு. ஆனால் தக்கலை, செங்கோட்டை, கோட்டாறு என்று ஊர்ப் பெயர் தெளிவாக விழுந்த அஞ்சல் முத்திரையோடு முழுக் கவரோ கார்டோ இருந்தால் அதைத் தேடி வருபவர்கள் உண்டு. புதுக்கோட்டை சமஸ்தானத்து கோர்ட் ஃபீ தலைகளும் அப்படித்தான். பத்திரத் தாளோடு இருந்தால் அப்படியே விட்டுவிடுங்கள்.

ஆல்பத்தோடு பழைய கடிதக் கட்டு ஒன்றும் இருக்கிறது. குப்பையில் போடலாமா?

ஐயோ, வேண்டாம். என்னைக் கேட்டால் ஆல்பத்தைவிட இதைத்தான் முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும்.

நம் ஊர்க் குடும்பங்களில் யாராவது ஒருவர் ரங்கூனிலோ பினாங்கிலோ கோலாலம்பூரிலோ கொழும்பிலோ இருந்திருப்பார். செட்டிநாட்டில் கேட்கவே வேண்டாம்; காரைக்குடிப் பழைய பொருள் கடைகளில் மூட்டை மூட்டையாக இப்படிக் கடிதங்கள் கைமாறியிருக்கின்றன. அந்தக் கவரில் ஒட்டியிருக்கிற தலை நாலணா பெறாது. ஆனால் கவர் எந்த வழியாக, எந்தத் தேதியில், யார் கையில் பட்டு வந்தது என்பதற்குத்தான் விலை.

உதாரணத்துக்கு ஒரு கவரை எப்படிப் படிப்பது என்று சொல்கிறேன். முன்பக்கம் பர்மா என்று அச்சடித்த இந்தியத் தலை. பர்மா 1937 ஏப்ரலில் இந்தியாவிலிருந்து பிரிந்தபோது முதலில் நம் தலைகளின் மேலேயே பெயரை அடித்து ஓட்டினார்கள். இடது ஓரத்தைக் கத்தரித்து, மேலே ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறது: போர்க்காலத் தணிக்கை அதிகாரி பிரித்துப் படித்து மறுபடி மூடியதற்கான அடையாளம். பின்பக்கம் ஊர் தபாலாபீஸ் வந்துசேர்ந்த முத்திரை, 1941 கடைசி. 1942 பிப்ரவரியில் சிங்கப்பூரும் மார்ச்சில் ரங்கூனும் ஜப்பானியர் கைக்குப் போய்விட்டன. அந்தச் சில மாதங்களில் போன கவர், போக வழியில்லாமல் அனுப்பியவருக்கே திரும்பிய கவர் இரண்டையும் சேகரிப்பவர்கள் போட்டி போட்டு வாங்குவார்கள். ஜப்பானிய ஆட்சியில் மலாயாத் தலைகளின் மேல் ஜப்பானிய எழுத்து அடித்ததும் வரலாம். அதில் போலி உண்டு, கவரோடு இருந்தால் நம்பிக்கை கூடும்.

1932 அக்டோபரில் டாடாவின் விமானத் தபால் கராச்சியிலிருந்து மதராஸ் வரை தொடங்கியது. அந்த முதல் பயணத்தில் வந்த கவர் மதராஸ் குடும்பங்களில் இருக்க வாய்ப்புண்டு. 1971-ல் வங்கதேச அகதிகளுக்காக ஒவ்வொரு கடிதத்திலும் ஐந்து பைசா கூடுதல் தலை ஒட்டச் சொன்னார்கள். அச்சடித்து வருவதற்குள் குடும்ப நலத் தலையின் மேல் ‘அகதி நிவாரணம்’ என்று அடித்து ஓட்டினார்கள், சில நகரங்களில் உள்ளூரிலேயே. சாதாரண அகதித் தலை மலிவு. உள்ளூரில் அடித்தது கவரோடு, தேதி முத்திரையோடு இருந்தால் தனியாக எடுத்து வையுங்கள்.

கடிதத்துக்குள் என்ன எழுதியிருக்கிறது என்பதையும் ஒருமுறை வாசித்துவிடுங்கள். வீட்டு ரகசியம் இருந்தால் கடிதத்தை எடுத்துக்கொண்டு கவரை மட்டும் விற்கலாம். உள்ளே கடிதம் இருந்தால் விலை சற்றுக் கூடும், அவ்வளவுதான்.

முதல்நாள் உறைகள், மினியேச்சர் ஷீட்டுகள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன.

புதுத் தலை வெளியாகும் நாளில் முத்திரை குத்திய கவர்தான் முதல்நாள் உறை; தலைகளைச் சுற்றிலும் ஓரம் விட்டு அச்சடித்த சிறு தாள்தான் மினியேச்சர் ஷீட். அப்பா தபால் துறையில் டெபாசிட் கணக்கு வைத்திருந்திருப்பார். பணம் கட்டிவிட்டால் புதிதாக வருகிற ஒவ்வொன்றும் வீட்டுக்கே வந்துவிடும். நேர்த்தியாக, சுருக்கமே இல்லாமல் இருக்கும். வருத்தம் என்னவென்றால், அவரைப் போலவே எல்லோரும் அப்படியே பத்திரமாக வைத்திருக்கிறார்கள். 1980-க்குப் பிந்தையவை பெரும்பாலும் முகமதிப்பை (தலையில் அச்சிட்டிருக்கும் விலையை) ஒட்டியோ அதற்குக் கீழேயோதான் போகும். 2006-ல் சந்தன வாசனைத் தலையும் 2007-ல் ரோஜா வாசனைத் தலையும் வந்தபோது ஷீட் கணக்கில் வாங்கிப் பதுக்கியவர்கள் உண்டு. வாசனையும் போனது, எதிர்பார்த்த லாபமும் வரவில்லை. விதிவிலக்குகள் சில உண்டு: 1973-ல் வந்த இந்தியாவின் முதல் மினியேச்சர் ஷீட், 2011-ல் காதித் துணியில் அச்சான காந்தி. அச்சுப் பிழை, நிறம் விட்டுப்போனது, பல் விழாதது தென்பட்டால் அதையும் தனியே வையுங்கள்.

கேட்டலாக்கில் 5,000 ரூபாய் போட்டிருக்கிறது, டீலர் 400 தருகிறேன் என்கிறார். ஏமாற்றுகிறாரா?

அப்படிச் சொல்ல முடியாது. லண்டன் ஸ்டாம்ப் நிறுவனமான ஸ்டான்லி கிப்பன்ஸின் கேட்டலாக்கில் போட்டிருப்பது, குறையில்லாத பிரதியைக் கடையில் நீங்கள் வாங்கினால் கொடுக்க வேண்டிய விலை. டீலருக்கு அதை விற்க வருடங்கள் ஆகலாம், விற்காமலே போகலாம். உங்கள் தலையின் பின்னால் ஆல்பத்தில் ஒட்டப் பயன்படுத்திய ஒட்டுத்தாளின் தடம் இருக்கும், ஒரு பல் குட்டையாக இருக்கும். பத்தில் ஒரு பங்கு கிடைத்தாலே சரியான பேரம்தான். காந்தி 10 ரூபாய் மாதிரித் தேவை இருக்கிற சரக்குக்கு மட்டும் அதைவிட நிறையக் கேட்டு வாங்கலாம்.

டீலரிடம் கவனிக்க வேண்டியது வேறு. “இந்த நாலைந்தை மட்டும் எடுத்துக்கிறேன், மீதியை நீங்களே வச்சுக்குங்க” என்றால் உஷாராகிவிடுங்கள். அந்த நாலைந்துதான் ஆல்பமே. அவர் விரல் எந்தப் பக்கத்தில் நின்றது என்று பார்த்து வைத்துக்கொண்டு, “வீட்ல கேட்டுட்டுச் சொல்றேன்” என்று எழுந்து வந்துவிடுங்கள்.

அப்படியானால் யாரிடம்தான் விற்பது?

முதலில் விற்க நினைக்காத ஒருவரிடம் காட்டுங்கள். சென்னையில் தென்னிந்திய பிலாட்டலிஸ்ட் (தபால்தலை சேகரிப்போர்) சங்கம் 1956-லிருந்து இருக்கிறது. கூட்டத்துக்கு வருகிற பெரியவர்கள் ஆல்பம் பார்ப்பதென்றால் காபியைக்கூட மறந்துவிடுவார்கள். தமிழ்நாடு அஞ்சல் வட்டம் நடத்துகிற தனாபெக்ஸ் கண்காட்சியில் டீலர்கள் ஸ்டால் போடுவார்கள். ஒரே கூரையின் கீழ் மூன்று நான்கு பேரிடம் விலை கேட்டுவிடலாம்.

தனிச்சரக்கு இருந்தால் ஏலம். மும்பை, பெங்களூரு போன்ற ஊர்களில் தபால்தலை, நாணய ஏல நிறுவனங்கள் உண்டு. போட்டோ அனுப்பினால் எடுப்பார்களா மாட்டார்களா என்று சொல்லிவிடுவார்கள். விற்பவரிடம் கமிஷன் எவ்வளவு, குறைந்தபட்ச விலை வைக்கலாமா, விற்காவிட்டால் திருப்பி அனுப்பும் செலவு யாருடையது, பணம் எத்தனை நாளில் வரும் என்பதையெல்லாம் எழுத்தில் வாங்குங்கள். மாதக் கணக்கில் ஆகும். மகள் கல்யாணத்துக்குப் பணம் வேண்டும் என்ற நிலையில் ஏலத்தை நம்பாதீர்கள்.

மிச்சமிருக்கிற சாதாரண ஆல்பங்களை ஒரே லாட்டாக ஒருவரிடமே தள்ளிவிடுவது உத்தமம். ஒவ்வொரு தலையாக ஆன்லைனில் போட்டு விற்பது முழுநேர வேலை.

தபால் நிலையத்தில் திரும்ப எடுத்துக்கொள்வார்களா?

மாட்டார்கள். அண்ணா சாலை பிலாட்டலிக் பீரோ உட்பட எங்கும் விற்பனை மட்டும்தான்.

“உங்கள் ஸ்டாம்புக்கு 20 லட்சம் தருகிறோம்” என்று போன் வருகிறதே?

துண்டித்துவிடுங்கள். பழைய நாணயம், நோட்டு வாங்குவதாகச் சொல்லி, ரிசர்வ் வங்கியின் பெயரில் கட்டணம், கமிஷன், வரி என்று முன்பணம் பறிக்கிற கும்பலைப் பற்றி ரிசர்வ் வங்கியே 2021 ஆகஸ்டில் எச்சரித்தது. அதே வலையைத்தான் ஸ்டாம்புக்கும் வீசுகிறார்கள். விற்பவர் முன்பணம் கட்டுகிற வியாபாரம் எங்குமே கிடையாது. பணம் உங்கள் கணக்கில் வருவதற்கு க்யூஆர் கோடை ஸ்கேன் செய்யவோ பின் நம்பர் போடவோ தேவையும் இல்லை.

வெளிநாட்டு மாப்பிள்ளை மூலம் அங்கே விற்கலாமா? வரி உண்டா?

சமீபகாலத் தலைகளுக்குப் பிரச்சினை இல்லை. பழையதில் கவனம் வேண்டும். 1972-ன் தொல்பொருள் சட்டப்படி நூறு வருடத்துக்கு மேற்பட்ட தொல்பொருள்களைத் தனியார் நாட்டுக்கு வெளியே அனுப்ப முடியாது. வரலாற்று மதிப்புள்ள ஆவணங்களுக்கு 75 வருடமே கணக்கு. உங்கள் கடிதக் கட்டு அதில் சிக்குமா என்று இந்தியத் தொல்லியல் துறையிடம் கேட்டுவிட்டு முடிவெடுங்கள். மாப்பிள்ளை சூட்கேஸில் போட்டுவிட்டு விமான நிலையத்தில் விளக்கம் சொல்வது சரிப்படாது.

அப்பாவிடமிருந்து வந்ததற்கு வாரிசு வரி கிடையாது. அது 1985-லேயே போய்விட்டது. விற்று வருகிற பணம் லட்சங்களில் என்றால் மட்டும் ஆடிட்டரைப் பாருங்கள். அப்பா வாங்கிய பில்கள் ஏதாவது இருந்தால் எடுத்துப்போங்கள்.

அண்ணன், தங்கை, நான் மூன்று பேர். ஆல்பத்தை எப்படிப் பங்கு போடுவது?

பக்கங்களைப் பிரித்துக்கொள்ளாதீர்கள். நான்கு தலை கொண்ட செட்டில் ஒருவருக்கு இரண்டு போனால் இருவருக்கும் நஷ்டம். முக்கியமான பக்கங்களை முதலில் போட்டோ எடுத்துக் குடும்ப குரூப்பில் போடுங்கள். பிறகு மூவரும் சேர்ந்து ஒருவரிடம் விற்கும் பொறுப்பைக் கொடுத்து, பணத்தைப் பங்கிடுங்கள். “அப்பா எனக்குத்தான் தருவதாகச் சொன்னார்” என்ற பேச்சு விலை தெரிந்த பிறகு எழுந்தால் தீர்க்க முடியாது. விலை தெரிவதற்கு முன்பே பேசி முடித்துவிடுங்கள்.

எதற்கும் விலை இல்லை என்று தெரிந்துவிட்டது. இப்போது?

பக்கத்துப் பள்ளியில் பிலாட்டலி கிளப் இருக்கிறதா என்று விசாரியுங்கள். ஆறாம் வகுப்பிலிருந்து ஒன்பதாம் வகுப்பு வரை படிக்கிற பிள்ளைகளுக்குத் தபால் துறை 2017-லிருந்து ‘தீன் தயாள் ஸ்பர்ஷ்’ என்று ஆண்டுக்கு 6,000 ரூபாய் உதவித்தொகை தருகிறது. அதற்கு வினாடிவினாவும் ஸ்டாம்ப் புராஜெக்டும் உண்டு. அந்த ஹங்கேரிப் பட்டாம்பூச்சிகளும் மங்கோலிய ராக்கெட்டுகளும் அங்கே நன்றாகப் பயன்படும். கொடுப்பதற்கு முன் அட்டையின் உள்பை, ஒட்டுத்தாள் டப்பா, ஆல்பத்தின் கடைசி வெற்றுப் பக்கங்கள் மூன்றையும் ஒருமுறை தட்டிப் பாருங்கள். ஆல்பத்தில் இடம் கிடைக்காத தலைகளை அங்கேதான் செருகி வைப்பார்கள்.